குறைந்த விருந்தினர், நெடுநாள் தங்கல்

எங்கள் ஊரில் விருந்தினர் கிளம்புவது கொஞ்சம் நேரம் பிடிக்கிற காரியம். அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள், கேப்டன் ஐயா. என்னை அழைத்துவர நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு வந்த உங்கள் காவலர் இருவரும் என்னோடு நிலையத்துக்குள் நுழையும்போது மாலை நாலரை. அவர்களைக் கோபிக்க வேண்டாம். என் வீட்டிலிருந்து சாலைக்கு வருவதற்குள் வழியில் நாலு வீடு இருக்கிறது. நாலு வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பத்தொரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் நான். எழுதுவது எனக்குப் பாரமில்லை. பெயர் இர்ஷித். ஊரில் அபூ காஸி என்பார்கள், காஸியின் அப்பா என்று. காஸி என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. கல்யாணமான வருடம் மரியாதைக்காக வைத்த பெயர். பிறகு யாரும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

டாக்டர் யோரிஸ் என்கிற வெளிநாட்டு நிபுணரை நாற்பத்தொரு நாள் என் வீட்டில் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறைக்குப் பூட்டு கிடையாது. கதவே சரியாகச் சாத்தாது. அடியில் கொஞ்சம் இழைத்துவிடுங்கள் என்று என் மனைவி வத்ஹா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் எந்த நிமிடமும் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஐன் லோஸாவில் விருந்தினர் அறை உள்ள வீடுகள் ஐந்து. வெளியூர்க்காரர்கள் எங்கள் வாழ்க்கையைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் மெத்தையில் படுத்து, எங்கள் சோற்றைத் தின்று, ரொட்டி சுடுவதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று முறை போட ஒரு குழு இருக்கிறது. தலைவர் என் சித்தப்பா மகன் நவ்வாஃப். செயலாளர் நான். இந்தச் சுற்றுலா ஊரையே தின்றுவிடாமல் நீடித்து நடக்க வேண்டும் என்பதற்காக டாக்டர் யோரிஸ் அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருந்தார். குழுவுக்காக அதை மொழிபெயர்த்தவன் நான். பதினான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது: 'குறைந்த விருந்தினர், நெடுநாள் தங்கல்.' பதினொரு மணிக்குப் பேருந்தில் வந்து ஒரு மணிக்குப் போகிற கூட்டம் ஊரைக் கெடுக்கும். ஒரே வீட்டில் நெடுநாள் தங்கி, வீட்டாரோடு வீட்டாராகிவிடுகிற ஒருவர்தான் ஊருக்கு நல்லது என்று விளக்கியிருந்தார். எனக்கு அது முற்றிலும் சரியென்று பட்டது. அறுபத்திரண்டு பக்கத்தையும் ஊரில் படித்தவன் நான் ஒருவன். நடைமுறைப்படுத்தியவனும் நான் ஒருவன்தான்.

ஆனால் அவர் வந்த சமயம் முறைப் பட்டியலில் என் வீடு இல்லை. ஜூன் மாதம் நவ்வாஃப் வந்து உட்கார்ந்து, காபியை இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சமைக்க ஆளில்லாத வீட்டுக்கு வெள்ளைக்காரன அனுப்புனா, அவன் பச்ச வெங்காயத்தத் தின்னுட்டுப் போயி இன்டர்நெட்ல எழுதிருவான். ஊர் மானம் போயிரும்."

நியாயம்தான். செயலாளர் என்கிற முறையில் என் வீட்டின் பெயரை நானே அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மூன்று வாரம் முன்புதான் வத்ஹா இறந்திருந்தாள். முப்பத்து நான்கு வருடம் யாராவது வந்து போய்க்கொண்டிருந்த வீடு அது. அதன்பிறகு குளிர்பெட்டி ஓடுகிற சத்தமும், அது நிற்கிற சத்தமும்தான்.

இனி சத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் நகரத்துக்காரர், ஆனாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விருந்தாளியை விடக்கூடாது என்றால் எங்கள் ஆட்கள் தலாக் மேல் சத்தியம் செய்வார்கள். 'நீங்கள் என் வீட்டில் சாப்பிடாமல் போனால் என் பெண்டாட்டிக்குத் தலாக்' என்று. விருந்தாளி போய்விட்டால் கல்யாணம் முறிந்தது என்று கணக்கு. இது பெரும் பாவம் என்று பள்ளிவாசல் இமாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையாவது கண்டிப்பார். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பு மாட்டும்போதே, 'தலாக் மேல சத்தியம், இமாம் இன்னிக்கு நம்ம வீட்லதான் சாப்பிடணும்' என்பார்கள். வத்ஹா திரைக்குப் பின்னாலிருந்து, "உங்க வாய்க்கு என்னை எத்தன தடவதான் அடகு வைப்பீங்க?" என்பாள். ஒரு தடவைகூட நான் அவளை இழந்ததில்லை. எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மார்ச் முதல் வாரம், பாதாம் பூத்திருந்த சமயம், டாக்டர் வந்து இறங்கினார். தன் திட்டம் ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட வந்தவர். நல்ல மதிப்பெண் கிடைத்தால் 'முன்மாதிரிக் கிராமம்' என்று பலகை தருவார்கள். இரண்டு நாள் வேலை. ஆள் நல்ல உயரம். காது இரண்டும் வெயிலில் சிவந்திருந்தது. எங்கள் மொழியை அவர் புத்தகத்தில் படித்தவர்.

"உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாவதாக. தங்கள் சிற்றூரின் பண்பாட்டைக் கற்றுக்கொள்ளும் பொருட்டு வந்துள்ளேன்" என்றார்.

"எட்டு மணிச் செய்தி பஸ்லயே வந்துருச்சு டோய்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

நவ்வாஃப் நெஞ்சில் கை வைத்து முன்னால் போனான். "தலாக் மேல சத்தியம் டாக்டர், மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்லதான்."

உடனே என் வாய், "தலாக் மேல சத்தியம், நம்ம வீட்லதான்" என்றது.

நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடப் பழக்கம் நாக்கில் இருந்தது. வத்ஹா இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நவ்வாஃப் என்னைத் திரும்பிப் பார்த்தான். இமாம் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்தார். மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள். அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றி, அவள் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாலு பேர் முன்னால் எங்கள் ஆண்கள் பேச மாட்டார்கள். பெண்டாட்டியை இழந்தவனை வெளியாள் முன்னால் திருத்தவும் மாட்டார்கள். 'உனக்கு ஏதுப்பா பெண்டாட்டி' என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் விஷயம் அந்தப் பேருந்து நிறுத்தத்திலேயே முடிந்திருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. குறிப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் நோட்டை எடுத்து இரண்டு சத்தியத்தையும் மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். "இரு இல்லறங்களும் என் வயிற்றைச் சார்ந்துள்ளன" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு வீட்டிலும் சாப்பிடுவது என்று முடிவு செய்தார். முதலில் சொன்னது நவ்வாஃப், ஆகவே முதல் சாப்பாடு அங்கே.

எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. கறி வாங்கினேன். சமையலறையில், போன வசந்தத்தில் வத்ஹா தயிரைக் காய்ச்சி உருட்டி வெயிலில் உலர்த்திய ஜமீத் உருண்டைகள் ஒரு துணிப்பையில் தொங்கின. இருபத்து மூன்று இருந்தன. ஒன்பது மாதமாக அந்தப் பையை நான் தொடவில்லை. ஒன்றை எடுத்து ஊறவைத்து, கரைத்து, அதில் கறியை வேகவைத்தேன். சோறு அடிப்பிடித்தது.

நவ்வாஃப் வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு டாக்டர் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி நடந்து வந்தார். வந்து உட்கார்ந்து, மறுபடியும் முழுத்தட்டு சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, விருந்தறைக்கும் சமையலறைக்கும் நடுவில் தொங்குகிற திரைப் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்தார்.

"அம்மையீர், தங்கள் கைப்பக்குவத்திற்கு என் உளமார்ந்த நன்றி. தாங்கள் நலமா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் ஒன்பது மாதத்தில் ஒரு ஆள் அவளை நலம் விசாரித்திருக்கவில்லை. எழுந்து திரைக்குப் பின்னால் போனேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து சொன்னேன்: "நல்லா இருக்காளாம். இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கச் சொல்றா."

அவர் வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒரு மணி நேரம் அவரால் எழ முடியவில்லை.

மாலையில் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக நவ்வாஃப் பிக்கப்போடு வந்தான். அங்கேதான் அவர் தங்குவதாக ஏற்பாடு. நான் இரண்டாவது சத்தியத்தைச் செய்தேன்: நாளைக்கு என் வீட்டு ரொட்டியைச் சாப்பிடாமல் போகக்கூடாது. இது நாக்குப் பழக்கமில்லை. நன்றாகத் தெரிந்து செய்தது. நவ்வாஃப் என்னை முற்றத்துக்கு இழுத்துப் போனான்.

"என்ன பண்றீங்கண்ணே?"

"சத்தியம் பண்ணிட்டேன்."

"அது கேட்டுச்சு. யார் மேல பண்ணீங்க?"

அவன் மீசையை இரண்டு தடவை தடவினான். "சரி விடுங்க. மார்க் போடற மனுசன், எங்க இருந்தா என்ன. சந்தோசமா வச்சுக்குங்க. உப்ப மட்டும் பாத்துப் போடுங்க."

அவன் பேச்சை நான் மீறவில்லை. உப்பைப் பார்த்துத்தான் போட்டேன்.

ரொட்டிக்குப் பிறகு தேன் வந்தது. 'மலைத்தேன் இறக்குகிறவன் வருகிற வரை' என்று ஒரு சத்தியம். தேன்காரன் எட்டு நாள் வரவில்லை. அவன் வந்த அன்று, 'வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிகிற வரை'. பிறகு, 'ஒரு மழை பெய்கிற வரை'. அதில் நான் ஏமாந்தேன், மறுநாளே பெய்துவிட்டது. டாக்டர் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். நம் வழக்கத்தை நாமே மதிக்காத அளவுக்கு அவர் மதித்தார். "ஒரு பெண்மணியின் முப்பத்து நான்கு ஆண்டு இல்வாழ்வை என் பயண வசதிக்காக முறித்தேன் என்று இருக்கலாகாது" என்று தன் அலுவலகத்துக்குக் கூரையில் நின்று தொலைபேசியில் சொன்னதை நானே கேட்டேன். கூரையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் மட்டும்தான் எங்களுக்கு சிக்னல்.

மழையில் ஏமாந்த பிறகு எனக்கு உறுதியான ஒன்று தேவைப்பட்டது. முற்றத்தில் எங்கள் கறுப்பு முக ஆடு நின்றது. "இந்த ஆடு குட்டி போட்டு, முதல் பாலை நீங்க குடிக்கிற வரைக்கும்" என்று சத்தியம் செய்தேன்.

அது கிடா. சின்னதிலேயே காயடித்தது, கொம்புகூட வளரவில்லை. எங்கள் பக்கத்துச் செம்மறியின் கொழுத்த வால் பின்பக்கத்தை முழுதாக மூடிக்கொண்டிருக்கும். பல விஷயங்களை அது மறைக்கும். நான் அதைப் பெட்டை என்று சொல்லவில்லை. குட்டி போடுகிற வரை என்றேன். அவர் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

பார்க்கவில்லை. மாறாக, தினமும் காலையில் அதற்குக் கைநிறையப் பார்லி வைத்தார். வைக்க வைக்க அதன் வயிறு பெருத்தது. "நாள் நெருங்குகிறது என நினைக்கிறேன்" என்பார். காதை அதன் வயிற்றில் வைத்துக் கேட்பார். ஊரார் முழங்கால் வலியையும் பல்வலியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் வர ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் என்றால் டாக்டர்தானே. தனக்கு மருத்துவம் தெரியாது என்று அவர் ஒவ்வொருவரிடமும் மேடையில் பேசுகிற புலவர் மாதிரி விளக்குவார். அந்த விளக்கத்தைக் கேட்டே இரண்டு பேருக்கு வலி குறைந்தது. நவ்வாஃப் அவர் ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டான்.

வீடு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நன்றாக இருந்தது. காலையில் இரண்டு பேருக்குக் காபி. மாலையில் தாமதமாக வந்தால், "எங்கே சென்றிருந்தீர்கள்?" என்று கேட்க ஒரு ஆள். ஒருநாள் அவர், "தங்கள் இல்லத்தரசியின் குரலையே கேட்டதில்லையே, உடல்நலம் குன்றியுள்ளாரா?" என்று கவலைப்பட்டார். அன்றிலிருந்து திரைக்குப் பின்னால் போய்ச் சண்டை போட்டேன். என் பங்கை மட்டும் உரக்கச் சொன்னேன். அவள் பங்கு எனக்கு மனப்பாடம்; அது வெளியே கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கதவை இழைப்பது பற்றித்தான். 'இவ்வூர்ப் பெண்டிர் தாழ்ந்த குரலிலேயே வெல்கின்றனர்' என்று டாக்டர் நோட்டில் எழுதியதைப் பிறகு பார்த்தேன்.

நான் ஆட்டைக் கட்டப் போகிற நேரத்தில் அவர் திரையிடம் பேசத் தொடங்கினார். மரியாதையாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்து நின்று கேட்பேன். ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விருந்தாளி பேசும்போது அந்தப் பக்கம் யாரும் இல்லாமல் இருப்பது சரியா என்றும் யோசியுங்கள். தன் ஊரில் மனைவி லீஸ்பெத் இருக்கிறாள், கல்யாணமாகி ஆறு வருடம், அவளுக்குக் கோபம் வரும்போது கதவைச் சாத்தமாட்டாள், திறந்து வைத்துவிட்டுப் போவாள் என்றெல்லாம் சொல்வார். நான் முன்வாசல் வழியாக வந்து, "வத்ஹா கேட்டுக்கிட்டுதான் இருந்தாளாம்" என்று அவள் அபிப்பிராயத்தைச் சொல்வேன். அவளுடைய யோசனைகள் எப்போதும் நல்லவையாகவே இருந்தன. இந்த மாதிரி விஷயத்தில் என்னைவிட அவளுக்குத்தான் புத்தி.

இருபத்து நான்காம் நாள் அவர் கூரையில் லீஸ்பெத்தோடு பேசிக்கொண்டிருந்தார். வருகிற வியாழக்கிழமைக்குள் வீடு வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த அதிர்ச்சியில் தொலைபேசி கைநழுவித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அதை நான் செய்யவில்லை. செய்ததை மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மாலை அவர் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மையீர், நான் சென்றால் தங்கள் மணவாழ்வு முறியும். இருந்தால் என்னுடையது முறியும். நான் என்ன செய்யட்டும்?"

நான் அந்தப் பக்கம் பாதி வெங்காயத்தோடு நின்றேன். அவசரப்பட்டு முடிவு செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. நிதானமாக எடை போட்டேன். ஒரு பக்கம் ஆறு வருடக் கல்யாணம். ஒரு பக்கம் முப்பத்து நான்கு வருடக் கல்யாணம். எந்த நடுவரிடம் கொண்டுபோனாலும் எது பெரியதென்று சொல்வார்.

முன்பக்கமாக வந்து சொன்னேன்: "அவ சொல்றா, கோவத்துல சொன்னத கோவத்துலயே எடுத்துக்கக் கூடாதாம். ஆடு குட்டி போடட்டும். ஊர் வர்ற தேதி இன்னதுன்னு நிச்சயமாச் சொல்ல முடியறப்ப கூப்புடணுமாம். அதுக்கு முன்னாடி கூப்புட்டா சண்டதான் பெருசாகுமாம்."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை நோக்கித் தலை வணங்கினார். வியாழக்கிழமை வந்தது, போனது. அன்று அவர் ஆட்டுக்கு இரண்டு மடங்கு பார்லி வைத்தார்.

இதற்குள் ஜமீத் உருண்டைகள் ஒன்றொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. கடைசி உருண்டையைக் கரைத்த அன்று கீழ்க்கிராமத்தில் இருக்கிற என் அக்கா ஃபித்தாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன், கொஞ்சம் கொடுத்தனுப்பு என்று. கொடுத்தனுப்புவாள் என்று நினைத்தேன். நாற்பத்தொன்றாம் நாள் அவளே கழுதை மேல் வந்து இறங்கினாள். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. திரை, மறைவு எல்லாம் தனக்கு இல்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவள்.

முற்றத்தில் டாக்டர் மண்டிபோட்டு ஆட்டின் வயிற்றில் காதை வைத்திருந்தார்.

"எவன்டா இவன்? கெடா வயித்துல என்னத்தக் கேக்குறான்?"

டாக்டர் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். "அன்னையே, வணக்கம். இவ்வாடு ஈனும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்."

"ஈனப்போகுதா? யப்பா, இது காயடிச்ச கெடா. நீ பேரன் பேத்தி எடுத்தாலும் இது ஈனாது." அக்கா வாலைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"அப்படியாயின் அபூ காஸி அவர்களின் சத்தியம் ஒருநாளும் நிறைவேறாது. நான் சென்றால் அம்மையார் வத்ஹாவின் இல்வாழ்வு என்னாவது?"

"யாரு, வத்ஹாவா?" அக்கா ஜமீத் மூட்டையைத் தரையில் வைத்தாள். "அவ மண்ணுக்குள்ள போயி பத்து மாசமாச்சேப்பா. இனிமே அவளுக்கு எந்தப் பயலும் தலாக் குடுக்க முடியாது."

டாக்டர் விருந்தறைக்குள் போனார். திரைக்கு முன்னால் நின்றார். பழக்கத்தில், "அம்மையீர், அனுமதியுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் விலக்கினார். அடுப்பு, ஒரு குட்டை முக்காலி, நறுக்கிய வெங்காயம்.

"எனில், இத்தனை நாள் நான் யாரிடம் பேசினேன்?"

"அவகிட்டதான்" என்றேன்.

நாற்பத்தொரு நாள் புத்தக மொழி தவிர வேறு பேசாதவர், அன்றுதான் முதல்முறையாக எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னார்: "நாசமாப் போச்சு." உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. என்னிடமிருந்துதான் பிடித்திருக்க வேண்டும்.

வத்ஹாவை எங்கே அடக்கம் செய்தோம் என்று கேட்டார். காட்டினேன். கைகளைக் கட்டிக்கொண்டு அங்கே சிறிது நேரம் நின்றார். பிறகு நவ்வாஃபின் பிக்கப்பில் ஏறித் தலைநகர் அம்மானுக்குப் போனார். வழியில் நாலு வீட்டிலும் ஆட்கள் சத்தியம் செய்யத் தயாராக நின்றார்கள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு போனதாக நவ்வாஃப் சொன்னான்.

அன்று அக்கா என் சமையலறையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினாள். "டேய் இர்ஷித், தனியா இருக்க முடியலன்னா என் வீட்டுக்கு வந்திருக்கலாமில்லடா."

"உன் வீட்ல பதினாலு பேர் இருக்காங்க."

"அதத்தான்டா சொல்றேன் மடையா."

நான் போகவில்லை. அவள் வீட்டில் வத்ஹாவை நலம் விசாரிக்கிற ஆள் யாருமில்லை.

டாக்டர் நேர்மையானவர். இவ்வளவுக்குப் பிறகும் அறிக்கையை எழுதி அனுப்பினார். உணவுக்கு நல்ல மதிப்பெண். பழக்கவழக்கம் உண்மையானதா என்பதற்கு மிக நல்ல மதிப்பெண். 'சராசரித் தங்கல் காலம்' என்ற இடத்தில் எங்களுக்கு நிகராக வேறு எந்தக் கிராமமும் இல்லை. 'விருந்தினர் வெளியேறும் வசதி' என்று தனியாக ஒரு வரி சேர்த்து அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தார். மொத்தத்தில் தேறிவிட்டோம். நவ்வாஃப் பலகையைப் பேருந்து நிறுத்தத்தில் நட்டுவிட்டான். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள்.

புகார் அவர் கொடுத்ததல்ல, அவருடைய தூதரகம் கொடுத்தது என்றும், அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் லீஸ்பெத் இல்லை, சாமான்களோடு போய்விட்டிருந்தாள் என்றும் நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலி வீட்டை முதல் தடவை சாவி போட்டுத் திறப்பது எப்படி இருக்கும் என்று நான் அறிவேன். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என் வீட்டில் அறை தயாராக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இன்னொரு தாள் கொடுத்தால் நல்லது.

உங்கள் கேள்விகளில் இல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முழுதாகச் சொல்வதுதான் முறை.

அந்த வியாழக்கிழமை கடந்து ஐந்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, குழு அலுவலகத் தொலைபேசி அடித்தது. செயலாளர் என்பதால் நான்தான் எடுத்தேன். லீஸ்பெத். ஆங்கிலத்தில் பேசினாள், எனக்காக மெதுவாகப் பேசினாள். கோபத்தில் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமைக் கணக்கெல்லாம் வேண்டாம், எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் குரல் கேட்காவிட்டால் அவருக்கு நான் வேண்டாம் என்று புரிந்துகொள்வேன் என்றாள். எல்லாவற்றையும் அலுவலக நோட்டில் எழுதினேன். இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தது, திருத்திக்கொண்டேன். நன்றி சொன்னாள். உங்கள் மனைவியைப் பற்றி யோரிஸ் நிறையச் சொல்லியிருக்கிறார், நல்ல பெண்மணியாக இருக்க வேண்டும், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றாள்.

வணக்கத்தை அன்று மாலையே திரைக்குப் பின்னால் போய்ச் சொல்லிவிட்டேன். மற்றதை டாக்டரிடம் சொல்லவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

சொல்ல வேண்டாம் என்றது வத்ஹாதான், ஐயா. முப்பத்து நான்கு வருடம் அவள் பேச்சை நான் தட்டியதில்லை. செத்துப்போய்விட்டாள் என்பதற்காக இப்போதா தட்டுவேன்.